கால்விரலும் காந்தளும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டனர். சென்ற முறை குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்களைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அதனை எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை; என் மைத்துனர் படிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். 'இம்முறை பூக்கள் வேண்டாம், சொந்த அனுபவமாக ஏதேனும் எழுதுங்கள்' என்று செயலாளர் நயமாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். என் வலது காலின் பெருவிரலைப் பற்றி எழுதுவதென்று உட்கார்ந்தேன். எழுத எழுத அந்த விரல் என்னைப் பழையபடி பூவிடமே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதி வருபவன். மருந்தைப் பற்றி இங்கு நான் கூறுவதெல்லாம் அதனை உண்டவன் கூறுவதே. இதைப் படித்துவிட்டு எவரேனும் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவாரானால், அவர் கட்டுரையைப் பாதியிலேயே மூடிவைத்தவர் என்றுதான் கொள்ள வேண்டும்.

2019 ஜனவரியில் ஓர் இரவு. ராமகிருஷ்ணபுரத்துக் குவார்ட்டர்ஸில் ரஜாய்க்குள் முடங்கிக் கிடந்தேன். தில்லிக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி இருக்கும், பெருவிரல் மூட்டில் யாரோ ஆணி அடிப்பது போன்ற வலியில் விழித்தேன். தேள் கொட்டிவிட்டதோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்கு, அதுவும் ஜனவரியில், தேள் எங்கிருந்து வரும்? விரல் சிவந்து, பளபளவென்று வீங்கி, பழுத்த தக்காளியைப் போல் இருந்தது. ரஜாயின் நுனி பட்டாலும் உயிர் போயிற்று. மனைவி அறைக்குள் நடந்த அதிர்ச்சிகூட விரலுக்குத் தெரிந்தது.

மறுநாள் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9.2 என்று வந்தது. 'கவுட்' என்றார் டாக்டர். நம்மவர்கள் கீல்வாதம் என்பார்கள். உடல் தன் கழிவாக உண்டாக்கும் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் சரிவர வெளியேற்றாவிட்டால், அது இரத்தத்தில் மிகுந்து, மூட்டுகளில் ஊசி ஊசியான படிகங்களாகப் படிகிறது. உடலில் குளிர்ச்சி மிகுந்த இடமாகையால் கால்விரல் அதற்கு ஏற்ற இடம். கிரேக்கர் இந்நோய்க்குக் 'காலைப் பிடிக்கும் கண்ணி' என்னும் பொருளில் பெயரிட்டிருந்தனர். ஐரோப்பாவில் இதை மன்னர்களின் நோய் என்றும் சொல்வார்கள். மாமிசமும் மதுவும் மிகுதியாக உண்போருக்கு வருவதாம். இச்செய்தி எப்படியோ அலுவலகத்தில் பரவிவிட்டது. பஞ்சப்படி உயர்வுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வாய் பார்த்திருக்கும் எனக்கு இராஜநோய் வந்திருப்பதைக் கொண்டாட எங்கள் பிரிவில் தேநீர் விருந்தே வைத்தார்கள். செலவு என்னுடையது. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ரப்பர் செருப்புமாக நான் அந்த விருந்தில் நின்றேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றுள் ஒன்று, கடுகைவிடச் சற்றே பெரிதான மாத்திரை, அரை மில்லிகிராம். பெயர் கோல்சிசின். இதைத் தமிழில் எழுதும்போது முதலெழுத்தைக் குறிலாக எழுதுவதா, நெடிலாக எழுதுவதா என்று தயங்கினேன். குறிலாக எழுதினால் பெயரின் தொடக்கம் 'கொல்' என்று அமைந்துவிடுகிறது. நெடிலே இருக்கட்டும்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டாம் நாள் வலி இறங்கிற்று. நான்காம் நாள் ஷூ போட்டேன். அதன்பின் வருடத்திற்கு இருமுறை, மூன்று முறை என்று கண்ணி வந்து காலைப் பிடிப்பதும், மாத்திரை அதை அவிழ்ப்பதுமாகக் காலம் சென்றது. யூரிக் அமிலத்தைக் குறைக்க வேறொரு மருந்து உண்டு. அதை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி இல்லாத நாளில் மருந்து உண்பது எனக்கு வீண் செலவாகத் தோன்றியது. அதை நிறுத்திவிட்டேன். இது என் முதல் தவறு.

இரண்டாம் தவறு 2022-இல், கந்த சஷ்டி வாரத்தில் நேர்ந்தது. தந்தையார் காலமான பின் அம்மா எங்களுடன் இருக்கிறாள். தாராபுரத்திற்குக் கிழக்கே, மூலனூர்ப் பக்கத்துக் கிராமம் அவளுக்குப் பிறந்த வீடு. தில்லியில் அவளுக்கு வாய்த்த ஒரே ஆறுதல் மலை மந்திர். ஆண்டுதோறும் சூரசம்ஹாரத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுவாள். லிப்ட்டு, நாற்காலி என்று எது சொன்னாலும் கேட்கமாட்டாள். 'முருகங்கிட்டப் போறதுக்கு நடந்து போகோணும் கண்ணு' என்பாள். அந்த ஆண்டு சம்ஹாரத்திற்கு முந்தின இரவு என் விரல் பழுத்துவிட்டது.

அப்போதுதான் பெரியப்பாவின் சீட்டு நினைவுக்கு வந்தது. அவருக்கும் இதே நோய். எண்பதுகளில் அவருக்கு ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டை, அவர் மறைந்த பின்னும் குடும்பத்தில் பத்திரமாக வைத்திருந்தோம். அதில் இதே மாத்திரை. மணிக்கு ஒன்று, வலி நிற்கும் வரை, அல்லது வயிறு போகத் தொடங்கும் வரை. அந்நாளில் அப்படித்தான் கொடுத்தார்கள் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். காலைக்குள் நடந்தாக வேண்டும் என்ற வெறியில் இரவு பத்து மணிக்குத் தொடங்கினேன். எவரிடமும் சொல்லவில்லை. விடியும்போது அட்டையில் ஏழு குழிகள் காலியாக இருந்தன.

வலி குறைந்ததா என்று கவனிக்கும் நிலையில் நான் இல்லை. வாந்தியும் பேதியும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து பார்த்தாள். பார்த்தவள் நெற்றியைத் தொடவில்லை, என்னவென்று கேட்கவில்லை. 'என்ன கெழங்கு தின்னே?' என்று கேட்டாள்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் அத்தை பிதற்றுகிறாள் என்று நினைத்தாள். 'சரசுவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொல்லு, என்ன கெழங்கு தின்னே?' என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சரசு அம்மாவின் தங்கை. எனக்குச் சின்னம்மா, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பதினான்கு வயதில் இறந்தவள். வேலியோரத்துக் கண்வலிக் கிழங்கைத் தின்று செத்தாள் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். விடுமுறைக்கு அம்மாயி வீட்டிற்குப் போனால், கிளுவை வேலியில் படர்ந்திருக்கும் அந்தச் செடியின் பக்கம் எங்களை விடமாட்டார்கள். பூவை உற்றுப் பார்த்தாலே கண் வலிக்கும் என்பார்கள். பார்க்காதே என்பதற்காகச் சொன்னதோ, மெய்யாகவே நம்பிச் சொன்னதோ, அறியேன். நான் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். கண் வலித்ததில்லை.

வாந்தியும் பேதியும் நூறு காரணங்களால் வரும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒன்றை அம்மா அன்று என் முகத்தில் எவ்வாறு அடையாளம் கண்டாள் என்பதை என்னால் விளக்க இயலாது. ஒருவேளை, அவள் ஒவ்வொரு வாந்தியிலும் அதைத்தான் கண்டு அஞ்சி வந்திருக்கிறாளோ என்னவோ.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் பெண் டாக்டர், மலையாளி. எத்தனை மாத்திரை என்று கேட்டார். சொன்னேன். சீட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அது இன்னும் கலக்கமாக இருந்தது. மணிக்கு ஒன்று கொடுக்கும் வழக்கம் பழைய பாடப்புத்தகங்களில் இருந்தது உண்மை என்றார். ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலும், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்தாலும் வலி குறைவது ஏறத்தாழ ஒன்றுதான், உபாதை மட்டுமே கூடுகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வொன்று காட்டிவிட்டதாம். 'நன்மை முதல் இரண்டு மூன்று மாத்திரையிலேயே முடிந்துவிடும். மீதியெல்லாம் விஷம்' என்றார். இந்த விஷத்திற்குக் கைவசம் முறிவு மருந்து கிடையாது. நீர் ஏற்றி, சிறுநீரகத்தையும் இரத்த அணுக்களையும் பரிசோதித்துக்கொண்டு காத்திருப்பதுதான் வழி. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளைச் சேர்த்து உண்பவர்களுக்கும் சாதாரண அளவே ஆபத்தாகிவிடுவதுண்டு. அதனால்தான் மருந்துக் கடையிலிருந்து மருந்துக் கடைக்குத் தாவாதீர்கள் என்று அறிவுரை சொன்னார்.

இரண்டு இரவுகள் அங்கிருந்தேன். இரண்டாம் நாள் மாலை, ஆபத்து நீங்கிற்று என்று தெரிந்த பிறகு, அவர் கொஞ்சம் இளகிப் பேசினார். 'நீங்கள் தமிழர்தானே? இந்த மருந்து உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, தெரியுமோ? எங்களுக்கு மேந்தோன்னி. உங்கள் மாநிலத்துப் பூ அல்லவா?' என்றார்.

மாநிலப் பூ செங்காந்தள் என்று பதில் சொன்னேன், பள்ளிப் பிள்ளையைப் போல. 'அதேதான். விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். செங்காந்தளைப் பற்றி நான் நம் சங்க மேடையில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களில் முதலாவது அது. குறுந்தொகையின் முதற் பாட்டிலேயே முருகனின் குன்றில் பூத்து நிற்பது. மகளிர் விரல்களுக்குப் புலவர்கள் உவமை தேடியபோதெல்லாம் கைக்கெட்டியது. இவையனைத்தையும் கையை விரித்துக் காட்டிப் பேசியவன், அந்தப் பூ எங்கள் அம்மாயி வீட்டு வேலியில் இருந்த கண்வலிப் பூதான் என்பதை அறியாதவனாக இருந்தேன். காந்தள் என்ற பெயர் எனக்குப் புத்தகத்தில் இருந்தது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்பன ஊரில் இருந்தன. இரண்டுக்கும் இடையே நான் ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை. அவையில் இருந்த எவரும் என்னைத் திருத்தவும் இல்லை. நாமெல்லாரும் ஊரை விட்டு வந்து நெடுநாளாகிவிட்டது.

வீட்டிற்குத் திரும்பியபின் நூலகம் நூலகமாக அலைந்தேன். கிடைத்தவை வரலாற்று மாணவனுக்கு விருந்து. பெயருக்குக் காரணமான செடி நம் காந்தள் அன்று. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் இலையின்றிப் பூ மட்டும் தலைநீட்டும் கோல்சிகம் என்னும் செடி. கருங்கடலின் கீழ்க்கரையில் இருந்த கோல்கிஸ் நாட்டின் பெயரால் வழங்குவது. கிரேக்கக் கதைகளில் விஷம் கூட்டுவதில் வல்லவளான மெடியா பிறந்த நாடு அது. ஆறாம் நூற்றாண்டில் திராலஸ் நகரத்து அலெக்சாண்டர் என்ற மருத்துவர் இவ்வகைக் கிழங்கைக் கீல்வாதத்திற்குக் கொடுத்தார். ஆயினும் அதன் கடுமைக்கு அஞ்சி ஐரோப்பிய வைத்தியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதை ஒதுக்கியே வைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உசோன் என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி, சேர்க்கையை வெளியிடாமல் ஓர் இரகசிய மருந்து நீரை விற்றார். கீல்வாதக்காரப் பிரபுக்கள் அதைக் கொண்டாடினார்கள். உள்ளே இருப்பது கோல்சிகம்தான் என்று 1814-இல் இங்கிலாந்தில் வாண்ட் என்ற மருத்துவர் வெளிப்படுத்தினார். 1820-இல் பாரிசில் பெல்த்தியேவும் கவாந்துவும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். அதே இருவர் அதே ஆண்டில்தான் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவையும் பிரித்தார்கள். ஓராண்டுக்கு இந்தச் சாதனை போதும் என்று எண்ணுகிறேன். எங்கள் பிரிவில் ஒரு கோப்பு முடியவே அவ்வளவு காலம் ஆகும்.

இந்தச் செடியின் உறவு ஒன்று காஷ்மீரத்திலும் உண்டு. யுனானி ஹக்கீம்கள் அதன் கிழங்கை சூரிஞ்சான் என்ற பெயரில் மூட்டுநோய்க்குக் கொடுக்கின்றனர். பழைய தில்லியில் கரி பாவ்லிக்குப் போய்க் கேட்டேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஒரு கடைக்காரர், உலர்ந்த பூண்டுப் பல் போன்ற கிழங்குகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். இனிப்பு ஒரு வகை, கசப்பு ஒரு வகை. கசப்பானதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்று எச்சரித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை புளியும் வற்றலும் வாங்கிய தெரு அது.

நம் சித்த, ஆயுர்வேத மருத்துவ முறைகளிலும் காந்தள் கிழங்கு அறியாத பொருள் அன்று. வடமொழியில் லாங்கலி என்பது அதன் பெயர்; அதற்கும் கலப்பை என்றே பொருள். இரு கிளையாக வளைந்த கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டாம். உபவிஷங்களுள் ஒன்றாக வைத்து, சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று அவர்கள் விதித்திருக்கிறார்கள். வீட்டு அடுப்பில் சுட்டாலோ வேக வைத்தாலோ அதன் விஷம் போவதில்லை.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் ஓரளவு புரிந்துகொண்டேன். படிகங்களைக் கண்டதும் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பகைவன் புகுந்துவிட்டான் என்று கூட்டம் கூட்டமாக மூட்டுக்குள் பாய்கின்றன. வீக்கமும் நெருப்பும் அந்தப் போரினால் வருபவை. அணுக்களுக்குள் நுண்ணிய குழல்கள் உண்டு. அவற்றைக் கட்டுவதும் பிரிப்பதுமாகத்தான் அணு நகர்கிறது, இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. கோல்சிசின் அக்குழல்களைக் கட்டவிடாமல் தடுத்துவிடுகிறது. சிறிதளவு சென்றால் படை கலைகிறது. மிகுந்து சென்றால் குடலிலும் எலும்பின் ஊனிலும் ஓயாமல் பிறந்துகொண்டிருக்க வேண்டிய அணுக்கள் பிறக்காமல் போகின்றன. ஆகவேதான் முதலில் வயிறு, பின்னர் இரத்தம். யூரிக் அமிலத்தை இது தொடுவதே இல்லை. வலி போனதும் நோய் போயிற்று என்று நான் எண்ணியதன் மடமை அப்போதுதான் விளங்கிற்று. 2019-இல் கனடாவிலிருந்து வெளியான பெரிய ஆய்வொன்றில், மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்ததில் மீண்டும் இதயக் கோளாறு வருவது சற்றுக் குறைந்ததாகக் கண்டார்கள். 2024-இல் வந்த மற்றோர் ஆய்வு அந்தப் பலனைக் காணவில்லை. டாக்டர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். என் விரலுக்கு அந்த விவாதம் இல்லை.

2023 கார்த்திகையில் ஓர் உறவினர் திருமணத்திற்காக அம்மாவுடன் ஊருக்குப் போனேன். மாமா என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு தோட்டங்களைக் காட்டினார். வேலியில் தானாகப் படர்ந்ததைக் கண்டு குழந்தைகளை விரட்டிய அதே மண்ணில், கம்பிப் பந்தல் போட்டு வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று அந்த வட்டாரமெங்கும் இது பணப்பயிர். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. பூ முதலில் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவந்து, இதழ்களை முதுகுப்புறம் மடக்கிக்கொண்டு தீ நாக்குகளைப் போல் நிற்கிறது. கவிஞர்களைக் குறை சொல்ல முடியாது.

பெண்கள் காலைப் பனி காயும் முன்பே தோட்டத்தில் இருந்தார்கள். சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருப்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. எனவே ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டுத் தூளைப் பூச வேண்டும். பூவுக்கு ஒரு தொடுகை, ஏக்கருக்கு எத்தனை பூ என்று கணக்குப் பாருங்கள். விரல்களை உவமித்த பூவை விரல்களே காய்க்க வைக்கின்றன. தை, மாசியில் காய் பறித்து, விதையெடுத்து, உலர்த்தி வியாபாரியிடம் போடுகிறார்கள். விதை அயல்நாடுகளுக்குப் போகிறது. மாமாவின் பேச்சு முழுவதும் விலையைப் பற்றித்தான். ஒரு வருடம் ஏற்றி விடுவார்கள், மறு வருடம் பாதிக்குக் கேட்பார்கள். வேறு எங்கே கொண்டுபோய் விற்பது? கத்தரிக்காய் என்றால் குழம்பு வைத்தாவது தின்னலாம் என்றார். என் சட்டைப் பையில் ஓர் அட்டை மாத்திரை இருந்தது. எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இதுக்கு என்ன வெலைங்க மாப்ளே?' என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா தோட்டத்திற்கு வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஓராண்டு காலமாக நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த செய்தியை அன்று மாலை சொல்லிவிட்டேன். நான் உண்ணும் மாத்திரை கண்வலி விதையிலிருந்து எடுத்தது என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்ற எண்ணம் சொல்லும்போதே வந்தது. அவள் வெகுநேரம் பேசவில்லை. வேலியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அங்கே கிளுவையும் இல்லை; கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள்.

பிறகு சரசுவைப் பற்றிச் சொன்னாள். எழுபதுகளின் தொடக்கம், மழை பொய்த்து, கொறங்காட்டில் ஆடு கடிக்கக்கூடப் புல் இல்லாத காலம். முந்தின நாள் ஓர் ஆட்டைத் தொலைத்துவிட்டதற்காக அம்மாயி சரசுவை அடித்திருந்தாள். மறுநாள் இது நடந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அடிபட்ட ரோஷத்தில் தெரிந்தே தின்றாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் மனம் முறிந்த பெண்கள் இந்தக் கிழங்கைத் தேடியதுண்டு. அம்மாயியும் அதையே நம்பினாள். சாகும்வரை அந்தக் கையால் ஒருவரையும் அடிக்கவில்லை.

'தெரிஞ்சு திங்கல கண்ணு' என்றாள் அம்மா. 'நான் காட்டுல இருந்து வந்து பாக்கறேன், அடுப்புச் சாம்பலுக்குள்ள பாதிக் கெழங்கு சுட்டு வெச்சிருந்தா. எனக்குன்னு. எது கெடச்சாலும் எனக்குப் பாதி வெப்பா. வள்ளிக் கெழங்குன்னு நெனச்சுத்தான் தோண்டியிருக்கறா.'

பசியோடு வந்தவள் அதை ஏன் தின்னவில்லை என்று கேட்டேன். அதற்குள் சரசுவுக்கு வாந்தி கண்டுவிட்டதாம். அந்தக் கிழங்கை எடுத்துச் சாணிக்குழியில் போட்டு மூடினாளாம். ஏன் அன்றே அம்மாயியிடம் சொல்லவில்லை? தனக்கும் விஷம் வைத்தாள் என்று தங்கையைப் பேசுவார்களோ என்று பதினாறு வயதில் பயந்திருக்கிறாள். பிறகு சொல்லும் வேளை கடந்துவிட்டது. அம்மாயி இறந்தபோது, சொல்லியிருக்கலாமே என்று அழுததாகச் சொன்னாள். அந்த அழுகை எனக்கு நினைவிருக்கிறது. எல்லா மகள்களும் அழுவதைப் போலத்தான் அப்போது தோன்றிற்று.

அவள் கையை நீட்டினாள். மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்திற்காகத் திண்ணை ஓரத்திற்கு நகர்ந்து, கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

'இத்துனூண்டா?' என்றாள்.

இவ்வளவுதான் என்றேன். யூரிக் அமில மருந்தை மறுபடி தொடங்கியிருந்ததால், சில மாதங்களுக்கு இதையும் தினம் ஒன்று உண்ணும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அதை விளக்கினேன். ஒன்றுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தில்லிக்குத் திரும்பியதும் அட்டைகளை என் அலமாரியிலிருந்து எடுத்துத் தன் வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். இரவு சாப்பாட்டிற்குப் பிறகு ஒன்றைக் கிள்ளி எடுத்து என் கையில் வைப்பாள். நான் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை நின்றிருப்பாள். பின் மீதியை எண்ணி, பெட்டியை மூடுவாள். கடந்த சஷ்டிக்கு மலை மந்திர்ப் படிகளை இருவரும் ஏறினோம். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது, அவளுக்காக.